குதிரைக் காதுக்குக் கீழே

செங்கொல்லைவிடுதி,
கறம்பக்குடி வட்டம்.
ஜூன் 9

அன்புள்ள அத்தானுக்கு இளமதி எழுதுவது.

இங்கிட்டு நான், அவர், பசுமாடு எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் எப்படி இருக்கீங்க? அக்காவுக்கு மூட்டுவலி தேவலையா? இதை போன்லயே கேட்டிருப்பேன். போன வாரம் கூப்பிட்டப்ப "யாரு, யாரு, சத்தமாப் பேசு"ன்னு கத்திட்டு வெச்சுட்டீங்க. எங்க ஊர் சிக்னல் லட்சணம் ஒங்களுக்குத் தெரியாததா? அதான் தபால்ல எழுதுறேன்.

விஷயம் என்னன்னா, ஒங்களை மாதிரி வீட்டுலேருந்தே ரேடியோவுல பேசுறதுக்கு நான் ஹாம் ரேடியோ பரீட்சை எழுதி பாஸ் பண்ணிட்டேன். லைசென்ஸ் வந்தாச்சு, எனக்குன்னு அழைப்புக்குறியும் குடுத்தாச்சு. மதுரையில ராம்நாத்னு ஒரு ஹாம்காரர் தன் பழைய செட்டைக் குடுத்தார். இனிமே நானும் ஒங்க சாதிதான் அத்தான். சிரிக்காதீங்க.

இந்தக் கிறுக்கு ஒனக்கு எதுக்குன்னு கேப்பீங்க. கஜா புயல் அன்னைக்கு எதிர்வீட்டு இருளாயி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சா. கரண்டு இல்லை, போன் இல்லை, ரோடு பூரா தென்னை விழுந்து கெடக்கு. கறம்பக்குடியில ஆம்புலன்ஸும் இருந்துச்சு, மரம் அறுக்க ஆளும் இருந்துச்சு. எங்களுக்கு இப்படின்னு சொல்லத்தான் வழி இல்லை. என் மடியிலதான் போனா. அதுக்கப்புறம் ஐப்பசி பொறந்தாலே வானத்தையே பார்த்துக்கிட்டு இருக்கேன்.

மழைக்கு முன்னால ஒவ்வொரு வருஷமும் எந்த ஊர்ல யார்கிட்ட ரேடியோ இருக்கு, யார் பேச்சு தெளிவாக் கேக்குதுன்னு ஒங்க சங்கம் ஒரு பட்டியல் போட்டு கலெக்டர் ஆபீசுகளுக்கு அனுப்புதாமே? தினமும் காலை ஏழு மணிக்கு ரேடியோவுல ஒவ்வொருத்தரையாக் கூப்பிட்டுப் பேசுற அழைப்பை நடத்துறது நீங்கதான், நீங்க "தெளிவு"ன்னு குறிச்சாத்தான் பேரு ஏறும்னு ராம்நாத் சார் சொன்னார். என் பேரு அதுல வரணும் அத்தான். புயல்ல நான் கூப்பிட்டா எங்கேயோ ஒருத்தர் கேக்கணும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அக்காவை ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க.

ஒங்க கொழுந்தியா
இளமதி


அம்பத்தூர், சென்னை.
ஜூன் 21

இளமதிக்கு முத்துராஜ் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அழகம்மாளின் மூட்டுவலி அப்படியே இருக்கிறது, அவளும் அப்படியே இருக்கிறாள்.

பரீட்சையில் தேறியதற்குப் பாராட்டு. இந்தக் காலத்தில் அதில் தோற்பதற்குத்தான் தனித் திறமை வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தும் டீச்சரம்மா, கரும்பலகையில் அலை வரைவது வேறு, அதைக் காற்றில் ஏற்றி அனுப்புவது வேறு. இதுவரை மூன்று டீச்சர்களுக்கு ஆண்டெனா கட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மூவரும் இப்போது தோட்டம் போட்டுப் பிழைக்கிறார்கள்.

சில விதிகள். எனக்குப் போன் செய்யாதே. ரேடியோக்காரன் எதையும் எழுத்தில் வைப்பான். வாட்ஸ்அப் என்று வாயெடுக்காதே, கட்டைவிரலால் எழுதுகிறவர்களோடு எனக்கு ஒட்டு உறவு கிடையாது. என் மச்சினி என்பதற்காகச் சலுகை எதிர்பார்க்காதே. தொலைபேசி இலாகாவில் என் உத்தியோகம் முழுவதும் லைன் சோதித்த காது இது. இரைச்சலைத் தெளிவு என்று எழுதியதில்லை, எழுதப்போவதும் இல்லை.

இருபது மீட்டர் செப்புக் கம்பியை நடுவே வெட்டு. வெட்டிய இடத்தில் கேபிளை இணை. இரண்டு கைகளையும் இழுத்து முனைக்கு முனை இன்சுலேட்டர் போட்டுக் கட்டு. எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்டு. துணி காயப்போடக் கொடி கட்டத் தெரிந்த எவரும் செய்துவிடலாம். நீயும் முயன்று பார்.

இப்படிக்கு
முத்துராஜ்


செங்கொல்லைவிடுதி.
ஜூலை 14

அத்தானுக்கு இளமதியின் வணக்கம்.

மூணு டீச்சருக்கு அப்புறம் நாலாவது டீச்சர் எழுதுறேன். எல்லாரும் சுகம். அக்கா ஏன் எழுதலை?

கம்பி கட்டியாச்சு. முதல்ல ஒரு வாரம் என்னைப் பாடாப் படுத்திருச்சு. ஆண்டெனாவுக்குப் போக வேண்டிய சக்தி பாதிக்கு மேல திரும்பி வருதுன்னு மீட்டர் காட்டுச்சு. அளவு தப்போன்னு கம்பியை வெட்டினேன், ஒட்டினேன், மறுபடி வெட்டினேன். கடைசியில பார்த்தா கேபிள் முனை கனெக்டருக்குள்ள, வலைக் கம்பியில ஒரே ஒரு இழை மயிர் மாதிரி நடுக்கம்பியைத் தொட்டுக்கிட்டு நிக்குது. ராம்நாத் சார் போன்ல சொல்லச் சொல்ல, அதை எடுத்துட்டு மறுபடி ஈயம் வெச்சேன். இப்ப மீட்டர் முள்ளு படுத்த எடத்தை விட்டு எந்திரிக்கலை.

ஆனா உயரம்தான் உதைக்குது. ஒங்களுக்கு எங்க ஊர் ஐயனார் கோயில் குதிரை தெரியும். எங்க கல்யாணத்துக்கு வந்தப்ப "இவ்வளவு பெரிய குதிரைக்கு இவ்வளவு சின்ன ஊரா"ன்னு கேட்டீங்களே, அதேதான். அந்தக் குதிரைக் காதுக்கு மேல ஊருக்குள்ள எந்தக் கட்டுமானமும் எழும்பக் கூடாது. மாடி வீடு கட்டினவங்க கூட கயிறு போட்டு அளந்துதான் கட்டியிருக்காங்க. செல்போன் டவர்காரனே சுத்திப் பார்த்துட்டு பக்கத்து ஊருக்குப் போயிட்டான். நான் எங்க ஓட்டு வீட்டோரமா இரும்புப் பைப்பு நட்டேன். பூசாரி வந்து குதிரைக் காதையும் பைப்பையும் மாத்தி மாத்திப் பார்த்தார். அன்னைக்கு சாயங்காலமே முக்கால்வாசிப் பைப்பை அறுத்துட்டேன். இப்ப கம்பி ஓட்டுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

ஒரு வாரமா காலை அழைப்புல கூப்பிடுறேன். எல்லாருக்கும் பதில் சொல்றீங்க. என் முறை வந்தா "யாரோ ஒரு நிலையம் முனகுகிறது, பிறகு வாருங்கள்"னு தாண்டிப் போறீங்க. என் பேச்சு ஒங்களுக்கு எப்படித்தான் வருது? கொஞ்சம் விவரமா எழுதுங்க.

இளமதி


அம்பத்தூர்.
ஜூலை 27

இளமதிக்கு, இங்கே சௌகரியத்துக்குக் குறைவில்லை. மழை மட்டும்தான் இல்லை.

விவரம் கேட்டாய். உன் பேச்சு எப்படி வருகிறதென்றால், பித்தளைச் சொம்புக்குள் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி வருகிறது. வார்த்தைக்கு நடுப்பகுதி மட்டும் இருக்கிறது, தலையும் இல்லை, வாலும் இல்லை. உன் அழைப்புக்குறியையே ராம்நாத் திருப்பிச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

காரணம் கேட்க வேண்டுமா? ஒரு செங்கல் குதிரையிடம் அனுமதி வாங்கி ஆண்டெனா கட்டுகிற முதல் ஆள் நீதான். உலகம் செயற்கைக்கோள் விடுகிறது, உங்கள் ஊர் குதிரைக் காதை அளந்துகொண்டிருக்கிறது. அந்தக் குதிரைக்குச் சுண்ணாம்பு அடிக்கிற உங்கள் பூசாரி கழுத்தில் பேட்டரி டார்ச் தொங்குமே, அதைக் கழற்றிவிட்டுத் தீப்பந்தம் பிடிக்கச் சொல். நீ படித்த படிப்பு அறுத்த பைப்போடு சேர்ந்து பழைய இரும்புக்குப் போகட்டும்.

ஓட்டுக்கு மேல் கட்டிய கம்பியை வைத்துக்கொண்டு சென்னையில் கேட்கவில்லையே என்று புலம்பாதே. உயரத்தில் கட்டு. முடியாவிட்டால் செட்டை ராம்நாத்திடமே திருப்பிக் கொடுத்துவிடு. அவர் அதற்கு ஒரு நல்ல உபயோகம் கண்டுபிடிப்பார்.

அழகம்மாள் எழுத ஒன்றுமில்லை என்கிறாள். அப்படித்தான் என்னமோ சொன்னாள்.

முத்துராஜ்


செங்கொல்லைவிடுதி.
ஆகஸ்ட் 16

அத்தானுக்கு இளமதி. நாங்க சுகம், ஐயனாரும் சுகம், குதிரையும் சுகம். ஒங்க நலத்தை மூணு பேரும் விசாரிச்சாங்க.

ஒரு நல்ல சேதி. கட்டடம்தான் காதைத் தாண்டக் கூடாது, மரம் தாண்டலாம். கொல்லையில நிக்கிற பனையும் தென்னையும் குதிரை பொறக்குறதுக்கு முன்னாலேருந்தே ஒசரமா நிக்குது, அதை யாரும் வெட்டச் சொன்னதில்லை. பூசாரிகிட்டப் போயி, "மரத்துல கயிறு கட்டுனா கட்டடமா?"ன்னு கேட்டேன். தாடியைச் சொறிஞ்சுக்கிட்டு, "கொடி கட்டுறதுதானே, கட்டிக்க"ன்னுட்டார். மரம் ஏறுற ஆளைப் பிடிச்சு நைலான் கயிறு போட்டு, பனைக்கும் தென்னைக்கும் நடுவுல கம்பியை ஏத்தியாச்சு. ஊர்ல இப்ப அதுதான் ஒசரம். சாயங்காலமானா மயில் ஒண்ணு வந்து பக்கத்து மட்டையில உக்காந்து அதையே பார்க்குது.

மறுநாள் காலையில ஆசையா ஒங்களைக் கூப்பிட்டேன். "அதே நிலையம், அதே முனகல்"னு சொன்னீங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. மைக்கைத் தள்ளிப் பிடிச்சுப் பார்த்தேன், கிட்டப் பிடிச்சுப் பார்த்தேன். வீட்டுல இருக்குற எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், டிவி எல்லாத்தையும் அணைச்சேன். அவர் இருட்டுல உக்காந்து இட்லி சாப்பிட்டார். செட்டை கார் பேட்டரியில போட்டுப் பார்த்தேன். எதுவும் ஆகலை.

ராம்நாத் சார் தினமும் எனக்கு அஞ்சு ஒம்போது குடுக்குறார். பேச்சும் சுத்தம், பலமும் பூரணம்னு அர்த்தம், ஒங்களுக்கு நான் சொல்லணுமா? கோயம்புத்தூர்ல கேக்குது, சேலத்துல கேக்குது, கொழும்புலேருந்து ஒருத்தர் நலம் விசாரிக்கிறார். ஒங்க ஒருத்தருக்கு மட்டும் கொசு. எங்கே பழுதுன்னு சொல்லுங்க, திருத்துறேன். மழை நெருங்குது அத்தான்.

அக்காகிட்டப் பேசணும். போன் பண்ணினா எடுத்து ரெண்டு வார்த்தை குசுகுசுங்குறா, வெச்சுடுறா. என்ன ஆச்சு அவளுக்கு?

இளமதி


அம்பத்தூர்.
ஆகஸ்ட் 27

இளமதிக்கு அக்கா எழுதுறது. நல்லா இரு.

நான் எழுதுறது அவருக்குத் தெரியாது. கோயிலுக்குப் போற சாக்குல தபால் பெட்டியில போடப் போறேன். நீ பாட்டுக்கு இதைப் பத்தி அவருக்கு எழுதி வெச்சுடாதே.

எனக்கு ஒண்ணுமில்லைடி, தொண்டைதான் போச்சு. ரெண்டு வருசமாவே என் குரல் எறங்கிக்கிட்டே வருது. நான் என்ன சொன்னாலும் "முனகாதே, வாயைத் தொறந்து பேசு"ங்குறாரு. தொறந்துதான் பேசுறேன், வெளியில வர மாட்டேங்குது போல. அவரே தொண்டை டாக்டருக்குப் பேரு பதிஞ்சு அனுப்பி வெச்சாரு. குழாய் விட்டுப் பார்த்தாங்க. ஒண்ணும் இல்லைங்குறாங்க. மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. மொளகுப்பால், தேன், வெந்நி எல்லாம் ஆச்சு. இவருக்கு எட்டவே மாட்டேங்குது. போன வாரம் வந்திருந்த விருந்தாளிங்க முன்னால, "இவளோட பேசுறதும் சொவத்தோட பேசுறதும் ஒண்ணு"ன்னுட்டாரு. அப்புறம் எதுக்குப் பேசணும்னு விட்டுட்டேன். சாப்பாடு ஆச்சுன்னா தட்டை நங்குன்னு வெக்கிறேன், வந்துடுறாரு.

ஒன்கிட்ட என்னடி மறைக்கிறது, இதுல ஒரு சொகமும் இருக்கு. இப்பல்லாம் அவரை அவர் முன்னாலேயே நெனைச்ச மாதிரி திட்டிக்கிறேன். எரும, கடங்காரன், எல்லாம். வாய்க்குள்ளதான். குரல் செத்தவளுக்கு அவ்வளவு கூட இல்லாட்டி எப்படி?

நீ ரேடியோவுல பேசுறப்ப நான் அடுப்படியிலேருந்து கேப்பேன். என் தங்கச்சி கொரல் எவ்வளவு கணீர்னு இருக்குன்னு நெனைச்சுக்குவேன். கொடுத்து வெச்சவ நீ.

ஒடம்பைப் பார்த்துக்க.

அழகம்மாள்


அம்பத்தூர்.
செப்டம்பர் 10

இளமதிக்கு முத்துராஜ். நலத்துக்குக் குறைவில்லை. நேரத்துக்குத்தான் குறைவு, ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

பட்டியல் இந்த மாதக் கடைசியில் போகிறது. அதில் உன் பெயர் இல்லை. பனைமரத்தில் கட்டினாலும் தென்னைமரத்தில் கட்டினாலும் மைக்குக்கு முன்னால் உட்காருகிறவர்தானே பேச வேண்டும்? திருச்சியிலும் ஒரு பெண்மணி, சொர்ணவல்லி என்று பெயர், உன்னை மாதிரியே கீச்சுக் குரல். அவரையும் சேர்க்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் கொசு ரீங்காரத்தை வைத்துக்கொண்டு கலெக்டர் என்ன செய்வார்? கொசுவர்த்தி ஏற்றுவாரா?

நிலையம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமானால், போன ஞாயிற்றுக்கிழமை ராம்நாத் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. ஏதோ புது ஆண்டெனா போலிருக்கிறது, கேட்டதற்குச் சிரித்தார். எல்லார் முன்னிலும் சொன்னேன், "மாட்டுக் கொட்டகையிலிருந்து பேசுகிறவர்கள் இதைக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று. யாரைச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். நீ அன்றைக்கு வரக்கூட இல்லை. வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வருடம் பார்ப்போம்.

முத்துராஜ்


செங்கொல்லைவிடுதி.
செப்டம்பர் 15

அத்தானுக்கு.

இந்தத் தடவை நலம் விசாரிக்கலை. கடைசியில விசாரிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வராம இல்லை. ராம்நாத் சார் குடும்பத்தோட குடுமியான்மலை இசைக் கல்வெட்டுப் பார்க்க வந்தவர், முதல் நாளே எங்க வீட்டுக்கு வந்து தங்கினார். அன்னைக்குக் காலையில அவர் பேசினது என் செட்டுல. என் மைக்குல. என் பனைமரத்துக் கம்பியில. நான் பக்கத்துல நின்னு காபி ஆத்திக்கிட்டிருந்தேன். மாட்டுக் கொட்டகைன்னு நீங்க சொன்னப்ப என் பசுமாடு ஜன்னலுக்கு வெளியில நின்னு அசை போட்டுக்கிட்டிருந்துச்சு. நீங்க வாயாரப் புகழ்ந்தது இந்தக் கொட்டகையைத்தான் அத்தான்.

ஒரே செட்டு, ஒரே கம்பி, ஒரே நாற்காலி. அவர் பேசினா எதிர்ல உக்காந்த மாதிரி, நான் பேசினா கொசு. திருச்சி சொர்ணவல்லி அம்மாவும் கொசு. ரெண்டு வருஷமா எங்க அக்காவும் கொசு. மூணு பேருக்கும் பொதுவா என்ன இருக்குன்னு ஒரு பிளஸ் டூ பிள்ளையைக் கேட்டா எழுந்து நின்னு சொல்லும். நாங்க மூணு பேரும் பொம்பளைங்க, எங்க குரல் மேல் ஸ்தாயி. காது போகும்போது மேல் ஸ்தாயிதான் முதல்ல போகும். வார்த்தைக்குத் தலையும் வாலும் இல்லைன்னு எழுதினீங்களே, அந்தத் தலையும் வாலும் நான் ஒழுங்காத்தான் அனுப்பினேன். கம்பியைப் பார்த்தாச்சு, கனெக்டரைப் பார்த்தாச்சு, பேட்டரி, மைக்கு எல்லாம் பார்த்தாச்சு. மிச்சம் இருக்குறது நீங்க ஒருத்தர்தான். ஒங்களுக்குக் காது கேக்கலை அத்தான்.

இது ஒங்களுக்கே தெரியும். எப்படிச் சொல்றேன் தெரியுமா? நாம பேசுற அலைவரிசையில கம்பியைத் தாழக் கட்டினா அலை நேரா மேல போயி, வானத்துல பட்டுத் திரும்பி, சென்னை தூரத்துக்குள்ளதான் இறங்கும், கிட்ட இருக்குறவங்களோட பேச அதுதான் தோதுன்னு ராம்நாத் சார் சொன்னார். என் ஓட்டுக் கம்பியே ஒங்களுக்குத் தாராளமாப் போதுமாம். யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டேன். "உங்க அத்தான்தான்"னார். அப்ப அந்தக் குதிரை என்ன பாவம் பண்ணுச்சு? பூசாரியை, ஊரை, என் படிப்பை எல்லாம் வாரி வாரித் தூத்துனீங்களே, கம்பி சரியா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே! ஒருத்தனை மரத்து மேல ஏத்தினேன் ஒங்க பேச்சைக் கேட்டு. அவன் விழுந்திருந்தா?

என்னைக் கேவலப்படுத்தினதை விடுங்க. நான் திருப்பிக் குடுத்துட்டுப் போறவ. நல்லா இருக்குற தொண்டைக்குள்ள குழாய் விட வெச்சீங்களே, அதை எப்படி விடுறது? ஊருக்கே பாட்டுப் படிச்சுக்கிட்டு நாத்து நட்ட பொம்பளை, தட்டை நங்குன்னு வெச்சுக் கூப்பிடுறா. எழுதாதேன்னு அக்கா கும்பிட்டுக் கேட்டா. அவ பேச்சை மீறித்தான் இதை எழுதுறேன்.

கண்ணு மங்கினப்ப கண்ணாடி போட்டீங்க, யாரு சிரிச்சா? காலை அழைப்பு கையை விட்டுப் போயிரும்னு பயம். அதுக்காக ஒரு ஊரையே பட்டியல்லேருந்து தள்ளி வெக்கிற அளவுக்கு அது என்ன சிம்மாசனமா?

இப்ப கேக்குறேன். ஒடம்பு எப்படி இருக்கு?

இளமதி


செங்கொல்லைவிடுதி.
அக்டோபர் 12

அன்பான அக்காவுக்கு இளமதி.

என் காயிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஒனக்குப் பண்ற போனும் அடிச்சு அடிச்சு நிக்குது. காலை அழைப்புல மூணு வாரமா அத்தான் குரலையே காணோம். ராம்நாத் சார் ஒப்பேத்திக்கிட்டிருக்கார், கேட்டா "தெரியலம்மா"ங்குறார்.

நீ சொல்லாதேன்னு சொன்னதைச் சொன்னேன். கோபமா இருந்தா ரெண்டு போடு, வாங்கிக்கிறேன். அவர் ஒன்னை ஏதாவது சொன்னாரா? நான் கெளம்பி வரவா?

இங்கிட்டு மழை பிடிச்சிருச்சு. நேத்து அடிச்ச காத்துல தென்னை மட்டை விழுந்து கம்பி ஒரு பக்கம் தொங்குது. அதை இழுத்துக் கட்டக்கூட கை ஓடலை.

ஒரு வரி எழுது.

இளமதி


அஞ்சலட்டை
அம்பத்தூர், அக்டோபர் 20

இளமதிக்கு முத்துராஜ். நலமே.

காலை அழைப்பை இனி மதுரை ராம்நாத் நடத்துவார். எனக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. பட்டியல் இந்த முறை தாமதமாகத்தான் போயிற்று. கறம்பக்குடி வட்டத்துக்கு உன் பெயரையும் திருச்சிக்குச் சொர்ணவல்லியையும் ராம்நாத் எழுதிச் சேர்த்திருக்கிறார். அவர் எழுதியதை உட்கார்ந்து திருத்த எனக்கு நேரமில்லை.

நைலான் கயிறு வெயிலில் இற்றுப்போகும். மாதம் ஒரு தரம் பார். காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறுந்துவிடாமல் இருக்க ஒரு முனையில் உருளை போட்டு எடைக்கல் தொங்கவிடு. இதைக்கூட நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

குதிரைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றா?

மு.


அம்பத்தூர்.
நவம்பர் 8

என் தங்கச்சிக்கு அக்கா எழுதுறது. கோபம் எல்லாம் ஒண்ணுமில்லை. நிதானமா உக்காந்து படி, நெறைய இருக்கு.

ஒன் காயிதம் வந்த அன்னைக்குப் படிச்சாரு. மடிச்சு ரேடியோவுக்கு அடியில வெச்சாரு. அப்புறம் மறுபடி எடுத்துப் படிச்சாரு. எனக்குத் தெரிஞ்சு போச்சு, நீ என்னமோ வெடியைக் கொளுத்திப் போட்டுட்டேன்னு. திட்டுவாருன்னு பார்த்தேன். சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. காலையில ரேடியோவைப் போடலை. போன் அடிச்சா ரெண்டு பேருமே எடுக்கலை. இவர் இப்படி இருக்குறப்ப ஒன்கிட்ட என்னத்தைச் சொல்றதுன்னு எனக்கும் தெரியலை.

ஒரு நாள் சட்டையை மாட்டிக்கிட்டு, "ஆவடி வரைக்கும் போயிட்டு வாரேன்"னாரு. எதுக்குன்னு சொல்லலை. அப்புறமும் ரெண்டு மூணு தரம் போனாரு. கடைசியாத் திரும்பி வந்தப்ப காதுக்குப் பின்னால பயத்தங்கா கொட்டை கணக்கா ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தாரு. ஒடனே ஆரம்பிச்சுட்டாரு பாரு. இதை வடிவமைச்சவன் முழு மடையனாம். பேட்டரி மூடி சரியில்லையாம், பேச்சை விட்டுட்டு ஃபேன் சத்தத்தைப் பிடிக்குதாம், இவருகிட்ட குடுத்திருந்தா பாதி சைஸுல நல்லாப் பண்ணிக் குடுத்திருப்பாராம். குக்கர் விசில் அடிச்சுச்சு, தூக்கிப் போட்டு எந்திரிச்சு, "என்னடி இது, ரயில் மாதிரி"ன்னாரு. தெனமும் அடிக்கிற விசில்தான்.

நேத்து காலையில ரேடியோ போட்டாரு. ராம்நாத் தம்பி ஒவ்வொருத்தராக் கூப்பிட, இவரும் எல்லாரையும் போல தன் முறைக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ஒன் முறை வந்துச்சு. நீ என்னமோ மழை அளவும் ரோடு நெலவரமும் சொன்னே. இவரு தலையைச் சாச்சுக் கேட்டாரு. முடிஞ்சதும் என் பக்கம் திரும்பி, "ஒன் தங்கச்சிக்கு மைக்கே தேவையில்லை, பனைமரத்துல ஏறி நின்னு கத்தினாலே சென்னைக்குக் கேக்கும்"னாரு. அவரு வாயிலேருந்து இதுக்கு மேல நல்ல வார்த்தை வராதுடி, எடுத்துக்க.

இன்னைக்குக் காலையில நடந்ததைச் சொல்றேன். காபி குடிச்சுட்டு டம்ளரைக் கீழே வெச்சுட்டு, இன்னொரு காபின்னாரு. எந்திரிச்சு அடுப்படிக்கு நடந்தேன். பழக்கம் விடுமா? "இருந்த எடத்துக்கே எல்லாம் வந்துரணும், எரும மாடு"ன்னு வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே பாலை அடுப்புல வெச்சேன்.

கூடத்துலேருந்து சத்தம் வருது. "யாரைடி எருமைங்குறே?"

அடுப்பை அணைச்சுட்டுக் கீழே உக்காந்துட்டேன். அப்படி ஒரு அழுகை வந்துச்சு இளமதி, அம்மா செத்தப்பக்கூட நான் அப்படி அழலை. அவரு ஓடி வந்தாரு. மூஞ்சியைப் பார்த்துப் பயந்துட்டாரு. "திட்டு வாங்கினது நானு, நீ எதுக்குடி அழுவுறே?"ன்னு கேக்குறாரு. தொண்டை டாக்டர் குடுத்த மாத்திரை அலமாரியில அப்படியே இருந்துச்சு. அதையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பையில போட்டுட்டு, பக்கத்துல தரையிலேயே உக்காந்துக்கிட்டாரு. அவ்வளவு தாழ உக்காந்து நான் பார்த்ததே இல்லை.

"இன்னொரு தரம் சொல்லு"ன்னாரு.

கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "எரும"ன்னேன். மெதுவாத்தான்டி சொன்னேன். அதுவும் கேட்டுச்சு.

அக்கா
அழகம்மாள்